ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டு

பாலின உறுதிப்பாட்டு அறுவையை அரசு இலவசமாகச் செய்கிறது. அதற்கு உடம்பைத் தயார்படுத்தும் மாதங்களை மருந்துக்கடையும் காதுவழிச் செய்தியும் பார்த்துக்கொள்கின்றன.

மாலா-டி ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. அட்டைக்கு 28 இருக்கும். அதில் 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பும் பெண்களுக்காக அரசு மலிவு விலையில் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாக அதை இன்னொரு தரப்பும் வாங்கிவருகிறது. வீட்டைவிட்டு வந்து, திருநங்கைகளின் சமூகக் குழுவான ஜமாத்தில் சேர்ந்து, ஆபரேஷனை மனதில் வைத்துக் காசு சேர்க்கும் இளம் திருநங்கைகள்தான் அவர்கள். நாளைக்கு ஒன்று என்பது அட்டையில் உள்ள கணக்கு. இரண்டு மூன்று சேர்த்துப் போட்டால் மார்பு சீக்கிரம் வளரும், முகத்தில் மினுமினுப்பு வரும் என்பது காதுவழி வந்த கணக்கு. மருத்துவர் யாரும் எழுதித் தரவில்லை, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. மூத்தவர் ஒருவர் போட்டார், அவருக்கு ஒத்துக்கொண்டது. இதுதான் ஆதாரம்.

அந்த மாத்திரைக்குள் இருப்பவை இரண்டு. ஒன்று எத்தினைல் எஸ்ட்ராடியால், 0.03 மில்லிகிராம். மற்றது லெவோநார்ஜெஸ்ட்ரெல், 0.15 மில்லிகிராம். முதலாவது செயற்கை ஈஸ்ட்ரோஜன். கல்லீரலில் எளிதில் சிதையாமல் தங்கி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் திருநங்கைகளுக்கு இதைக் கொடுத்துவந்த காலத்தில், கால்களிலும் நுரையீரலிலும் ரத்தக் கட்டிகள் அதிகமாக வருவதை மருத்துவர்கள் கண்டார்கள். இன்றைய சர்வதேச வழிகாட்டி நெறிகள் திருநங்கைகளுக்கு இதைத் தர வேண்டாம் என்கின்றன. இரண்டாவது, லேசாக ஆண் ஹார்மோனின் குணம் கொண்ட சரக்கு. ஒன்று உடம்புக்கு ஆபத்து, மற்றது எதற்காக விழுங்குகிறாரோ அதற்கே எதிர். முகப்பருவுக்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் கொடுக்கிற, சைப்ரோடெரோன் கலந்த மாத்திரைகளையும் பலர் வாங்கிப் போடுகிறார்கள். அதிலும் கூட்டாளி அதே எத்தினைல் எஸ்ட்ராடியால்தான்.

இப்படி இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்தான் ஒருநாள் அறுவை அரங்கின் மேசைக்கு வருகிறார்.

தமிழ்நாட்டின் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2008 ஏப்ரல் 15 அன்று இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைத்த மாநிலம் இது. அதையொட்டிய காலத்திலேயே அரசு மருத்துவமனைகளில் அறுவையை இலவசமாகச் செய்ய வழி திறந்தது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயர் அப்படித்தான் ஜமாத்துகளில் பரவியது. இன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கெனப் பலதுறை மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கும் பிரிவுகள் உள்ளன. திருநர் உரிமைகளுக்காக 2019-ல் வந்த ஒன்றியச் சட்டத்தின் 15-வது பிரிவு, அறுவையோடு ஹார்மோன் சிகிச்சையையும், அறுவைக்கு முன்னும் பின்னுமான ஆலோசனையையும் அரசின் கடமை என்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் திருநர்களையும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை தருவதற்கு 2022 ஆகஸ்டில் ஒப்பந்தமும் போட்டார்கள்.

ஆனாலும், கத்தி நடக்கிற சில மணி நேரத்தைத்தான் நம் ஏற்பாடுகள் உண்மையில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதற்கு முந்தைய ஓராண்டு இன்னும் மருந்துக்கடைக் கவுண்டரில்தான் நிற்கிறது. அறுவை நல்லபடியாக ஆறுமா, வாழ்நாள் உபாதையாக மாறுமா என்பதில் பெரும்பகுதி அந்த ஓராண்டில்தான் முடிவாகிறது.

தாயம்மா கைவைத்தியமும் நாற்பது நாளும்

மருத்துவமனைக் கதவு திறப்பதற்கு முன்பும் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்குவது, நடந்துகொண்டுதான் இருந்தது. தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கை, தாங்கள் வணங்கும் தெய்வமான மாதாவின் படத்துக்கு முன்னால், மயக்க மருந்து எதுவும் இல்லாமல் ஒரே வீச்சில் அறுத்துவிடுவார். பிழைத்தால் மாதாவின் அருள். பிறகு 'டாக்டர் நிர்வாணம்' வந்தது. வெளிமாநிலச் சிறு நகரங்களில், பெயர்ப் பலகை வேறு எதையோ சொல்லும் கிளினிக்குகளில், முதுகில் ஓர் ஊசி போட்டு முடித்து ஓரிரு நாளில் அனுப்பிவிடுவார்கள். லிவிங் ஸ்மைல் வித்யா 2007-ல் வெளியான தன் சுயசரிதையான 'நான், வித்யா'வில் ஆந்திரத்தின் கடப்பாவுக்குப் போய் அறுவை செய்துகொண்டதை எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் மறக்காது.

நல்ல மருத்துவர்கள் ஏன் ஒதுங்கி நின்றார்கள்? இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-வது பிரிவு, கொடுங்காயங்களின் பட்டியலை ஆண்மை நீக்கத்திலிருந்துதான் தொடங்கியது. நோயாளியின் சம்மதத்தோடு, அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்கு அதே சட்டத்தின் 88-வது பிரிவு விலக்குத் தந்திருந்தது. ஆனால் அச்சம் விலக்கைப் படிப்பதில்லை. தேர்ந்தவர்கள் விலகிக்கொள்ள, தேராதவர்கள் கடை விரித்தார்கள்.

அந்தப் பழைய முறையில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். நிர்வாணமானவர் நாற்பது நாள் தனியாக விடப்படுவதில்லை. உடன் சீடரான குருபாயோ மூத்த சீடரான சேலாவோ ஒருவர் கூடவே இருந்து வெந்நீர் ஊற்றி, கஞ்சி கொடுத்து, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார். நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிப் புதுப்புடவை கட்டிச் சடங்கு செய்வார்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது, படுத்து உறங்கக் கூடாது போன்ற அந்த நாற்பது நாளின் விதிகளில் பல உடம்புக்குக் கெடுதல். அவற்றை விட்டுவிடலாம். கூடவே ஓர் ஆள் இருந்தாரே, அதை விட்டுவிடக் கூடாது. அரசு வார்டில் படுக்கை கிடைக்கும். வீடு திரும்பிய பின் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்பது, அறுவைக்குத் தேதி வாங்கும் முன்பே தெளிவாக வேண்டிய கேள்வி.

தாயம்மாவிடமோ கிளினிக்கிலோ ஏற்கெனவே நிர்வாணமானவர்கள் பலர், பின்னாளில் முறையான அறுவையின் மூலம் பெண்ணுறுப்பு அமைத்துக்கொள்ள வருகிறார்கள். பொதுவாகச் செய்யும் முறையில் ஆணுறுப்பின் தோலையும் விதைப்பையின் தோலையும் வைத்துத்தான் உள்வழி அமைக்கப்படுகிறது. அது முன்பே வெட்டி எறியப்பட்டிருந்தால் குடலின் ஒரு பகுதியையோ, வயிற்றின் உட்சவ்வையோ, வேறிடத்துத் தோலையோதான் எடுக்க வேண்டும். அறுவை பெரிதாகிறது, ஆபத்தும் கூடுகிறது. 'இப்போதைக்கு நிர்வாணம் ஆகிக்கொள்வோம், மீதியைப் பிறகு பார்க்கலாம்' என்று நினைக்கும் இளையவர்களுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஹார்மோன்: அவசரம் கூடாத வேலை

சர்வதேசத் திருநர் நல மருத்துவ அமைப்பு 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிகள், பிறப்புறுப்பு அறுவைக்கு முன் குறைந்தது ஆறு மாத ஹார்மோன் சிகிச்சை இருப்பது நல்லது என்கின்றன. முந்தைய பதிப்பில் இது பன்னிரண்டு மாதமாக இருந்தது. ஹார்மோனை விரும்பாதவர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் விலக்கு உண்டு. காத்திருப்பதற்குக் காரணம் சம்பிரதாயம் இல்லை. விதைகளை நீக்கிய பின் உடம்பு தன் பழைய ஹார்மோனுக்குத் திரும்ப முடியாது. எனவே மாறிய ஹார்மோனோடு உடம்பும் மனமும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைத் திரும்ப வழியிருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறையான சிகிச்சையில் கொடுப்பது எஸ்ட்ராடியால். உடம்பு தானே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனின் அதே வடிவம். மாத்திரையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும், பூசும் களிம்பாகவும், எண்ணெயில் கரைத்த ஊசியாகவும் வருகிறது. ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் அல்லது சைப்ரோடெரோன் கூடச் சேரும். வசதி இருந்தால் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் லூப்ரோலைடு ஊசி. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டி சொல்லும் இலக்கு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே, எஸ்ட்ராடியால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. இலக்கைத் தாண்டி ஊற்றினால் மார்பு கூடுதலாக வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ரத்த உறைவு ஆபத்துதான் கூடும். மார்பு வளரத் தொடங்க மூன்று முதல் ஆறு மாதம், முழுதாக வளர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். எத்தனை அட்டை விழுங்கினாலும் இந்தக் காலக் கணக்கு குறையாது. குரலும் மாறாது. அதற்குக் குரல் பயிற்சி தனியாக வேண்டும்.

ஸ்பைரோனோலாக்டோன் உண்மையில் ரத்த அழுத்தத்துக்கும் உடம்பில் நீர் கோர்ப்பதற்கும் கொடுக்கும் மருந்து. சிறுநீரை அதிகமாக்கும், எழுந்தால் தலைசுற்றும், ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளைஞருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த மருந்தை எடுத்துக்கொண்டு தினமும் இளநீரும் வாழைப்பழமுமாக உடம்பைத் தேற்றுகிறவர் ஒருமுறை பொட்டாசியம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. (சித்திரை வெயிலில் இளநீரைக் குறை என்று தமிழரிடம் சொல்வது கொஞ்சம் கொடுமைதான்.) பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பு தடம் மாறும், மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் அது விளையாட்டில்லை. சைப்ரோடெரோனுக்கு வேறு கதை. அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுவதாக ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் எச்சரித்தது. இப்போது நாளைக்கு 10 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். நம் கடைகளில் கைக்கு வருவது பெரும்பாலும் 50 மில்லிகிராம் மாத்திரை.

ஹார்மோன் தொடங்கும் முன்பே பேச வேண்டிய ஒரு விஷயம் உண்டு: குழந்தை. ஈஸ்ட்ரோஜன் தொடங்கிய சில மாதங்களில் விந்தணு உற்பத்தி சரியத் தொடங்கும், விதைகளை நீக்கிவிட்டால் முற்றாகப் போய்விடும். உறைய வைத்துச் சேமிக்கலாம், செலவு உண்டு. ஆனால் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் திருமணமான தம்பதியையும் பெண்ணையும் மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சேமித்ததைப் பின்னாளில் பயன்படுத்த முடியுமா என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை. இருபது வயதில் 'எனக்கெதற்குக் குழந்தை' என்று சொல்பவரிடமும் இதைக் கேட்டுப் பதிவு செய்வதே முறையான மருத்துவம்.

எப்போது நிறுத்துவது?

அறுவைத் தேதி கிடைத்ததும் எழும் முதல் கேள்வி இது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைக் கூட்டும், நீண்ட அறுவையும் படுத்த படுக்கையும் அதையே செய்யும். இரண்டும் சேரக் கூடாது என்று இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம். பல இடங்களில் இன்றும் அதுதான். 2021-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் முன்பு நிறுத்தியவர்களுக்கும் நிறுத்தாமலே அறுவைக்குப் போனவர்களுக்கும் ரத்த உறைவில் வேறுபாடு தென்படவில்லை. அதன் பிறகு பல மையங்கள் நிறுத்தச் சொல்வதையே விட்டுவிட்டன.

அப்படியென்றால் நாமும் நிறுத்த வேண்டாமா? இங்கேதான் கவனம் வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவர் கண்காணிப்பில், அளவு பார்த்து எஸ்ட்ராடியால் எடுத்தவர்கள். எத்தினைல் எஸ்ட்ராடியாலை இரண்டு மூன்றாக விழுங்கிக்கொண்டு, கூடவே சிகரெட்டும் பிடிக்கிறவருக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. அவர் சில மாதம் முன்பே எஸ்ட்ராடியாலுக்கு மாற வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர், உடல் பருமன் உள்ளவர், முன்பு ரத்தக் கட்டி வந்தவர் ஆகியோருக்கு மாத்திரையைவிடத் தோல் பட்டையும் களிம்பும் பாதுகாப்பு. அவை கல்லீரலைச் சுற்றாமல் நேரே ரத்தத்தில் சேரும்.

எண்ணெய் ஊசி போடுகிறவர்களின் நிலைமை வேறு. மாத்திரையை நிறுத்தினால் ஓரிரு நாளில் அளவு இறங்கும். ஊசி தசைக்குள் தேங்கி வாரக் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். 'ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டேன்' என்று ஊசிக்காரர் சொன்னால் அவர் எதையும் நிறுத்தவில்லை என்று பொருள். கடைசியாக எந்தத் தேதியில், எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் குப்பியையே எடுத்துப் போகலாம். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தை உண்டாக்கியதில் வெள்ளைக் கோட்டுக்கும் பங்கிருக்கிறது. ஆனாலும் மயக்க மருத்துவரிடம் மறைப்பதைப்போல ஆபத்து வேறில்லை.

நிறுத்தும் வாரங்கள் மனதளவில் கடினமானவை. உடம்பு திடீரென்று சூடாகும், தூக்கம் கெடும், அழுகை வரும். எதிர்பார்த்துக் காத்திருந்த நாள் நெருங்கும்போது ஏன் இப்படி மனம் சரிகிறது என்று குழம்பி, முடிவையே சந்தேகிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது முடிவின் மீதான சந்தேகம் இல்லை, ஹார்மோன் இறக்கம். இதை முன்பே சொல்லிவைத்தால் பாதித் தவிப்பு குறையும். திரும்ப எப்போது தொடங்குவது என்ற தேதியையும் அறுவைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருநம்பிகள் எங்கே?

நம் திட்டங்களும் செய்திகளும் திருநங்கைகளைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. திருநம்பிகள் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஜமாத்தும் இல்லை, குருவும் இல்லை. பிறந்த வீட்டுக்குள்ளேயே மார்பை கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். கிரேப் பேண்டேஜ் அசைய அசைய இறுகும். மூச்சைப் பிடிக்கும், விலா எலும்பை வருத்தும், வியர்க்கும் ஊரில் தோலைப் புண்ணாக்கும். புண்ணான தோலில் அறுவை செய்ய முடியாது. இதற்கென்றே தைக்கப்பட்ட பைண்டரை, அதுவும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல், அணிவதே மேல்.

மார்பை நீக்கும் அறுவைக்கு முன்னால் டெஸ்டோஸ்டீரோன் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது தெரியாமல் ஊசிக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டீரோனை அறுவைக்கு முன் நிறுத்தும் தேவையும் பொதுவாக எழுவதில்லை. பார்க்க வேண்டியது ரத்தம் கெட்டியாவதை. சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும், அறுவையையும் தள்ளிவைக்க நேரலாம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சஸ்டானான் ஊசியைத் தொடக் கூடாது, அதன் எண்ணெய் கடலை எண்ணெய். மாதவிலக்கு நின்றுவிட்டதால் கருத்தரிக்காது என்றும் நம்பக் கூடாது.

ஆணுறுப்பு அமைக்கும் அறுவை கட்டம் கட்டமாக நடப்பது. முன்கையின் தோலை எடுத்துச் செய்யும் முறையில் சிறுநீர்ப் பாதையும் அந்தத் தோலாலேயே அமைகிறது. அந்த இடத்து முடியை முன்கூட்டியே நீக்காவிட்டால் பிறகு உள்ளே முளைத்து அடைக்கும். ஒரு கையின் ரத்த நாளத்தை எடுத்தாலும் விரல்களுக்கு ரத்தம் போகுமா என்று சோதித்துவிட்டுத்தான் கையைத் தேர்ந்தெடுப்பார்கள். பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்கள் இந்தக் கையை விட்டுவிடுவது நல்லது.

முடியும் புகையும்

திருநங்கைகளுக்கும் இதே முடிப் பிரச்சினை உண்டு. உள்வழிக்குப் போகும் தோலில் முடி இருந்தால், அறுவைக்குப் பின் உள்ளே வளர்ந்து சீழ்கட்டும், நாற்றமெடுக்கும். வெளியிலிருந்து எடுக்கவும் முடியாது. எனவே லேசரோ மின்முனை முறையோ வைத்து முன்பே அகற்ற வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று பல அமர்வுகள், மொத்தம் ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு. வெளுத்த தோலுக்கான கருவியை அழகுநிலையத்தில் காட்டினால் தோல் வெந்து கறுக்கும். நரைத்த முடி லேசருக்கு அசையாது. இவ்வளவு முன்னேற்பாடு தேவைப்படும் இந்த விஷயம், அறுவைக்கு நான்கு வாரம் இருக்கும்போது காதில் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

புகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கும். வெட்டி இடம் மாற்றி வைத்த தோல் பிழைப்பது அந்த நாளங்களை நம்பித்தான். முன்னும் பின்னும் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை எதுவும் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ஏற்ற வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். எச்.ஐ.வி. இருப்பது அறுவைக்குத் தடையே அல்ல. ஏ.ஆர்.டி. மருந்தை ஒழுங்காக எடுத்து வைரஸ் அளவு அடங்கியிருந்தால் மற்றவரைப் போலவே செய்யலாம். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது 2017-ம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு.

மனநலச் சான்று கேட்பார்கள். 'நீ உண்மையிலேயே திருநங்கைதானா' என்று கேட்பதற்கான தேர்வு அல்ல அது. முடிவின் விளைவுகளை விளங்கிக்கொண்டு சம்மதிக்கிறாரா, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பாலின முரண்பாட்டை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து உலக சுகாதார நிறுவனம் எடுத்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் புதிய வகைப்பாடு நடைமுறையில் இருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவையொட்டி, 'மாற்றிக் காட்டுகிறேன்' என்ற பெயரில் செய்யும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது. பிள்ளையை அப்படிப்பட்ட இடத்துக்கு இழுத்துப் போகும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திரும்பிப் போகும் அறை

தயாரிப்பில் யாரும் எண்ணிப் பார்க்காதது அறுவைக்குப் பிந்தைய வீடு. உள்வழியோடு பெண்ணுறுப்பு அமைத்துக்கொண்டவர் முதல் சில மாதங்கள் தினமும் பலமுறை டைலேட்டர் வைத்து அந்த வழி சுருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இடைவெளி கூடும், ஆனால் பல ஆண்டு தொடரும். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், தாழிட்ட கதவு, சுத்தமான தண்ணீர், படுக்க இடம் வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், தெருக்கோடிப் பொதுக் கழிப்பறையை நம்பி இருப்பவருக்கு இது எப்படி நடக்கும்? நடக்காமல் போனால் வழி மூடிக்கொள்ளும், மறுபடி அறுவை. உள்வழி இல்லாமல் வெளித்தோற்றம் மட்டும் அமைக்கும் முறையும் இருக்கிறது. டைலேட்டர் தேவையில்லை, ஆறுவதும் எளிது. எது வேண்டும் என்பதை, தன் உடம்போடு தன் வீட்டையும் கணக்கில் வைத்து முடிவு செய்யச் சொல்லும் ஆலோசகர்தான் நல்ல ஆலோசகர். ஊருக்குத் திரும்பும் பயணத்தையும் யோசிக்க வேண்டும். புதுத் தையலோடு பேருந்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போவது ரத்தக் கட்டிக்கு விடும் அழைப்பு.

2020-ல் அறுவை செய்துகொண்டு, ஓராண்டு கழிந்தும் வலி தீரவில்லை, நின்று வேலை பார்க்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவந்த கேரளத் திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ் 2021 ஜூலையில் இறந்தபோது, அந்த மாநிலமே அதிர்ந்தது. அறுவைக்குப் பின் யார் பொறுப்பு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் உரக்கக் கேட்கப்பட்டது. அறுவை முடிந்தவருக்கு ஓராண்டு மாதாந்திர உதவித்தொகை தரும் திட்டம் கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அதைப் பார்த்துச் செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கடைசியாக, எலும்பு. விதைகளை நீக்கிய உடம்பில் டெஸ்டோஸ்டீரோன் அனேகமாக இல்லை. அடக்கும் மாத்திரைகளை நிறுத்திவிடலாம். ஆனால் ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்திவிட்டால் உடம்பில் எந்தப் பாலின ஹார்மோனும் இல்லாமல் போகும். எலும்பு தேயும். முப்பது வயதில் நிர்வாணமாகி 'அதான் முடிந்துவிட்டதே' என்று எல்லாவற்றையும் விட்டவர், ஐம்பதுக்குள் முதுகு வளைந்து, இடறி விழுந்தாலே இடுப்பு முறியும் நிலைக்கு வரலாம். பழைய முறையில் நிர்வாணமான மூத்தவர்களில் பலருக்கு இதை யாரும் சொன்னதே இல்லை. சினைப்பையை நீக்கிய திருநம்பிக்கும் இதே கணக்குத்தான், அவர் டெஸ்டோஸ்டீரோனை விடக் கூடாது.

எஸ்ட்ராடியால் மாத்திரை அரிய மருந்தல்ல, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஊரெங்கும் எழுதுவதுதான். டெஸ்டோஸ்டீரோன், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனைகளும் பெரிய மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பவை. இவற்றுக்காகக் கோவில்பட்டியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒருவர் ஒருநாள் கூலியை இழந்து சென்னைக்கும் மதுரைக்கும் வரத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் ஹார்மோன் மாத்திரையையும் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க மாவட்டத்துக்கு ஒரு பிரிவு வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இதை அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கலாம். அதுவரை, மருந்துக்கடையில் நின்று அட்டை கேட்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை: அறுவைக்குத் தேதி கேட்கும் முன் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். போட்டுக்கொண்டிருக்கும் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.